செவிலியர் கையில் ஒரு பட்டியல்

"கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே?" கிராமத்தில் ஒரு கர்ப்பிணியின் பதிவு பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பதில் தேதியாக வருவது அபூர்வம். "ஆடிப்பெருக்குக்கு ரெண்டு நாள் முன்னாடிக்கா" என்று வரும். "எங்க ஊர் கொடை முடிஞ்ச மறுவாரம்", "நாத்தனார் நிச்சயத்தன்னிக்கு" என்றும் வரும். கேட்டுக்கொண்டிருக்கும் கிராம சுகாதார செவிலியர் மனத்துக்குள் நாள்காட்டியைப் புரட்டுகிறார். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3-ஐ ஒட்டி வரும், அதற்கு இரண்டு நாள் முன்பு என்றால் ஆகஸ்ட் 1. கொடை எப்போது முடிந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டுச் சரிபார்ப்பார். பிறகுதான் கையிலிருக்கும் கருவியில் தேதியைத் தட்டுவார். 280 நாளைக் கூட்டிப் பிரசவ நாளைச் சொல்வது கணினிக்கு ஒரு நொடி வேலை. ஆனால் அந்தத் தேதியைப் பிடித்துக் கொடுத்தது கணினி இல்லை.

அந்த ஒரு தேதியில்தான் மற்றதெல்லாம் தொங்குகிறது. எந்த வாரத்தில் ஸ்கேன், எப்போது தடுப்பூசி, எந்த நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பதெல்லாம் அதிலிருந்தே கணக்காகின்றன. இரண்டு வாரம் பிசகினால் குறைமாதக் குழந்தை நிறைமாதமாகப் பதிவாகும். நாள் கடந்த கர்ப்பம் இயல்பானதாகத் தெரியும். செவிலியர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் கற்பிப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் தட்டச்சை மட்டுமே. அவர்களிடம் ஏற்கெனவே இருந்த தகவல் அறிவைக் கணக்கில் எடுக்கவில்லை. தட்டிய தகவலைத் திரும்பப் படித்து, அதை வைத்து முடிவெடுக்கும் திறனையும் கொடுக்கவில்லை. இந்த இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் 8,713 துணை சுகாதார நிலையங்கள் உள்ளன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர்; அலுவலகத்தில் வி.எச்.என்., ஊரில் நர்ஸம்மா. அவருக்கு மேலே பகுதி சுகாதார செவிலியர், அதற்கு மேலே வட்டாரத்தில் சமுதாய சுகாதார செவிலியர், மாவட்டத்தில் தாய் சேய் நல அலுவலர் என்று ஏணி போகிறது. முன்பு இவருடைய வேலை முதன்மையாகப் பிரசவமும் தாய் சேய் நலமும். 1973-இல் கர்த்தார் சிங் குழு அளித்த பரிந்துரைக்குப் பிறகு இந்தியா முழுவதும் இவர் பல்நோக்குப் பணியாளர் ஆனார். குடும்ப நலம், தடுப்பூசி, மலேரியா, காசநோய், பின்னாளில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் என்று நோக்கங்கள் கூடிக்கொண்டே போயின. ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு பதிவேடு வந்து சேர்ந்தது. ஆனால் 1977-இல் இவர்களுடைய படிப்புக் காலம் இரண்டு ஆண்டிலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. வேலை பெருகிய அதே பத்தாண்டில் கல்வி சுருங்கியது. பின்னாளில்தான் அது மீண்டும் இரண்டு ஆண்டானது.

பதிவேடு திட்டவாரியாகப் பிரிந்திருக்கிறது. வீட்டிலோ மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரே பெண் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் ஒரு வரி, கர்ப்பிணிப் பதிவேட்டில் ஒரு வரி, அவள் குழந்தை தடுப்பூசிப் பதிவேட்டில் ஒரு வரி. சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ தெருத்தெருவாகப் போகும் செவிலியர் இந்த வரிகளையெல்லாம் தலைக்குள் ஒரே குடும்பமாகச் சேர்த்து வைத்திருந்தார். கணினி வந்தபோது எல்லோரும் எதிர்பார்த்தது இதைத்தான்: சிதறியதை அது ஒன்றாக்கும் என்று.

இந்த எதிர்பார்ப்புக்கு வயது அதிகம். 1990களின் நடுவில் ஆப்பிள் நிறுவனத்தின் ஆய்வாளர் குழு ஒன்று ராஜஸ்தான் கிராமங்களுக்கு வந்தது. திறன்பேசி என்ற பேச்சே இல்லாத காலம். நியூட்டன் என்ற கையடக்கக் கணினியைக் கிராமத் துணைச் செவிலியர்களின் பதிவேட்டுக்கு மாற்றாக ஆக்க முடியுமா என்று அவர்கள் பார்த்தார்கள். செவிலியர்களுடன் கிராமத்துக்குப் போனார்கள், வேலை நடக்கும் விதத்தைக் கவனித்தார்கள், அதன் பிறகு திரையை வரைந்தார்கள். அந்த வடிவமைப்பு அனுபவம் 1997-இல் அட்லாண்டாவில் நடந்த மனித-கணினி உறவு மாநாட்டில் கட்டுரையாக வெளிவந்தது. மறு ஆண்டே நியூட்டன் உற்பத்தி நிறுத்தப்பட்டது, கருவி போய்விட்டது. ஆனால் வேலையைப் பார்த்துவிட்டுத் திரையை வரைவது என்ற அந்த ஒழுங்கு பின்னால் வந்த அரசுத் தளங்களில் எத்தனையில் கடைப்பிடிக்கப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் பக்கத்திலேயே அதற்கும் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலப் பிரிவு, கணியம்பாடி ஒன்றியத்தில் 1980களிலேயே ஊர்வாரியான சுகாதாரத் தகவலைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. ஊரிலிருந்து பகுதிநேரப் பணியாளர் கர்ப்பம், பிறப்பு, இறப்பைச் சொல்வார். மேலே உள்ள உதவியாளரும் பொதுச் சுகாதார செவிலியரும் மருத்துவரும் அதைப் படிப்படியாகச் சரிபார்ப்பார்கள். அங்கே எனக்கு முக்கியமாகத் தெரிவது கணினியைவிட அந்தச் சரிபார்ப்புச் சங்கிலி. தகவல் மேலே ஏறும்போதே அது உண்மைதானா என்று கேட்க ஒரு மனிதர் இருந்தார். கேட்பவரும் அதே ஊர்களுக்குப் போய் வருபவராக இருந்தார்.

2008-இல் தமிழ்நாட்டு அரசின் பிக்மி வந்தது. கர்ப்பிணியையும் பிறக்கும் குழந்தையையும் ஒரே தொடராகப் பின்தொடரும் தளம் இது. ஒரு கர்ப்பிணிக்கு ஓர் எண். பின்னர் வந்த பதிப்பில் 12 இலக்கத் தாய் சேய் எண்ணும் பிறப்புச் சான்றிதழும் இணைக்கப்பட்டன. அதனால் தனியார் மருத்துவமனையில் மட்டும் காட்டுபவர்களும் நர்ஸம்மாவைத் தேடி வர வேண்டியதாயிற்று. "பிக்மி நம்பர் வாங்கிட்டியா?" என்பது இன்று கர்ப்பிணியிடம் மாமியார் கேட்கும் கேள்விகளில் ஒன்று.

பிக்மியின் உண்மையான பலம் நம் ஊர் வழக்கம் ஒன்றில் தெரியும். தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு அழைத்துப் போவார்கள். அதுவரை பார்த்த செவிலியர் ஓர் ஊரில், பிரசவம் பார்ப்பவர் வேறு மாவட்டத்தில். காகிதக் காலத்தில் அந்தப் பெண் இங்கே காணாமல் போவாள், அங்கே புதிதாக முளைப்பாள். அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறியது தாய்வீட்டு ஊர்ச் செவிலியருக்குத் தெரியாது. கைப்பையில் இருக்கும் அட்டையை அவள் மறக்காமல் கொண்டுபோயிருந்தால்தான் தெரியும். ஒரே எண்ணில் வரலாறு கூடவே போவது இந்தச் சிக்கலுக்கு நேரடியான தீர்வு. வளைகாப்பையும் தகவல் மாற்றத்தையும் சேர்த்து யோசித்து ஒரு செவிலியருக்குப் பயிற்சி கொடுத்தால், தன் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடுத்த ஊர்ப் பட்டியலுக்கு அனுப்புவது ஏன் அவசரம் என்பதை அவரிடம் விளக்கவே வேண்டாம். பயிற்சியில் அது ஐந்தாவது மெனுவின் மூன்றாவது பொத்தானாக வருவதால்தான் நினைவில் நிற்பதில்லை.

பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். நம் பெயர்முறை முதலெழுத்தும் பெயரும். மென்பொருள் கேட்பது முதற்பெயர், குடும்பப்பெயர். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏறுகின்றன. 'ழ'கரம் ஆதாரில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, ரேஷன் அட்டையில் இன்னொரு மாதிரி. திருமணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்து, பிறகு கணவர் பெயரின் எழுத்து. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கியது. 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாயானது. அந்தப் பணம் தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வர, பெயரும் எண்ணும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தப் பெண் போய் நிற்பது நர்ஸம்மா வாசலில்தான். ஒரு மொழியின் பெயர்முறையை மென்பொருள் புரிந்துகொள்ளாததற்கு, எழுத்துக் கூட்டத் தெரியாதவர் என்ற பழியைச் செவிலியர் சுமக்கிறார்.

"அவங்களுக்குக் கம்ப்யூட்டர் வராது" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. இதே செவிலியர்கள் வாட்ஸ்அப்பில் தமிழில் சரளமாக எழுதுகிறார்கள், குரலில் தகவல் அனுப்புகிறார்கள். சர்வர் எப்போது வேகமாக இருக்கும் என்று அறிந்து விடியற்காலையில் எழுந்து என்ட்ரி போடுகிறார்கள். கணினியைப் பார்த்து மிரளும் தலைமுறை என்று சொன்ன காலம் முடிந்துவிட்டது. இப்போதைய தடை வேறு.

முதல் தடை எண்ணிக்கை. சிதறிய பதிவேடுகளை ஒன்றாக்க வந்த கணினி, சிதறிய தளங்களாகப் பெருகிவிட்டது. கர்ப்பத்துக்குப் பிக்மி. தடுப்பூசிக்கு 2023-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய யூ-வின். காசநோய்க்கு 2012 முதல் நிக்ஷய். காய்ச்சல், வயிற்றுப்போக்குக் கண்காணிப்புக்கு 2021 முதல் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம். அதில் அறிகுறிகளைப் பதியும் எஸ் படிவம் இவருடையது. தொற்றா நோய்களுக்குத் தனித் தளம். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் 14 இலக்க ஆபா எண் தனி. ஆதார் வழியாக அதை எடுக்கப் போனால், ஆதாரில் எந்தக் கைபேசி எண் இருக்கிறதோ அதற்குத்தான் ஓ.டி.பி. போகும், அந்த எண் கணவருடையது, கணவர் திருப்பூரில். வாசலில் செவிலியரும் பெண்ணும் காத்திருக்க, தறி ஓட்டும் ஒருவர் போனை எடுக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே காகிதப் பதிவேடும் ஒழியவில்லை. சர்வர் படுத்தால் கைகொடுக்க அதுதானே இருக்கிறது? ஆக ஒரே வேலை இரண்டு முறை.

இரண்டாவது தடை பயிற்சியின் வடிவம். மாநிலத்தில் ஒரு குழுவுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டத்தார் வட்டாரத்துக்கு. ஒவ்வொரு படியிலும் ஏதாவது உதிர்ந்து, கடைசியில் கிராமச் செவிலியரிடம் வந்து சேர்வது திரைப்பிடிப்புகளின் வரிசை மட்டும். ஒரு கூடம், ஒரு புரொஜெக்டர், நூறு பேர், ஒரு நாள். மேடையில் இருப்பவர் இந்தக் கட்டத்தில் இதை நிரப்புங்கள் என்று சொல்லிக்கொண்டு போவார். இந்தக் கட்டம் எதற்கு என்ற கேள்விக்கு நேரம் இருக்காது. அடுத்த பதிப்பு வந்ததும் பொத்தான்கள் இடம் மாறிவிடும், கற்றது செல்லாது. உண்மையான பயிற்சி அதற்குப் பிறகு, பக்கத்து நிலையத்து இளைய செவிலியரிடமும் வாட்ஸ்அப் குழுவிலும் நடக்கிறது. மூத்தவர் மருத்துவம் சொல்லித் தருகிறார், இளையவர் செயலி சொல்லித் தருகிறார். அருமையான கொடுக்கல் வாங்கல் இது. எந்த அரசாணையும் இதைப் பயிற்சி என்று கணக்கில் எடுப்பதில்லை, இதற்கென நேரம் ஒதுக்குவதும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட டிஜிட்டல் வழிகாட்டுதலில், மின்வழிப் பாடங்கள் நேர்முகப் பயிற்சிக்குத் துணையாகவே இருக்க வேண்டும், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்ற பரிந்துரை உண்டு. நம் செவிலியர்கள் இதைத் தங்கள் வழியில் முன்பே கண்டுகொண்டார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு துணை சுகாதார நிலையத்தில் 5,000 பேர். தமிழ்நாட்டுப் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்குப் பதினான்கை ஒட்டியிருந்த அண்மை ஆண்டுகளை வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 70 பிறப்பு. மாவட்ட அலுவலர் பார்ப்பது பல்லாயிரம். அவருக்குச் சதவீதம் பொருள்படும்: தடுப்பூசி 95 சதவீதம் என்றால் மாவட்டம் நன்றாக இருக்கிறது. செவிலியருக்கு 95 சதவீதம் என்றால் மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு ஊசி போடவில்லை என்று பொருள். அந்த நால்வர் யார்? செங்கல் சூளைக்கு வந்து போகும் குடும்பமா? முதல் ஊசியில் காய்ச்சல் வந்ததால் பாட்டி தடுத்த வீடா? ஊரே மாறிவிட்டவர்களா? அவருக்கு வேண்டியது நான்கு பெயர்களும் நான்கு காரணங்களும். ஆய்வுக் கூட்டத்தில் அவரிடம் கேட்கப்படுவதோ சதவீதம். அதுவும் மக்கள்தொகையைப் பிறப்பு விகிதத்தால் பெருக்கி வந்த உத்தேச இலக்கின் மேல் சதவீதம். இலக்கு 70, இந்த ஆண்டு ஊரில் உண்மையாகவே 61 பேர்தான் கர்ப்பம் என்றால், மீதி ஒன்பது பேர் எங்கே என்று கேள்வி வரும். இல்லாத ஒன்பது பேரை எங்கிருந்து காட்டுவது? இப்படிக் கேட்கும் இடத்தில் எண்கள் மெல்லப் பொய்யாகத் தொடங்கும். எந்தக் கணினிப் பயிற்சியும் அதைத் தடுக்காது.

ஆகவே செவிலியர் கற்க வேண்டிய முதல் தொழில்நுட்பத் திறன், தன் சொந்தப் பட்டியலை வடிகட்டிப் பார்ப்பது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே யார், ரத்த அழுத்தம் 140-க்கு 90-ஐத் தொட்டவர் யார், அடுத்த மூன்று வாரத்தில் நாள் நெருங்குபவர் யார், பத்தாவது வார ஊசி தவறியவர் யார். இதைப் பிக்மியிலும் மற்ற தளங்களிலும் எடுக்க வழி உண்டு. அதை ஒரு நாளின் முதல் வேலையாகச் செய்யும் பழக்கம்தான் பயிற்சியின் மையமாக இருக்க வேண்டும். குஜராத்தின் பழங்குடிப் பகுதியில் ஆஷா பணியாளர்களுக்காக உருவான இம்டெக்கோ செயலி, காலையில் கைபேசியைத் திறந்ததும் இன்று யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னது. முறையான ஒப்பீட்டு ஆய்வில், அதைப் பயன்படுத்திய பகுதிகளில் பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டு வருகை கூடியது தெரிந்தது. தகவல் ஏறுவதோடு நிற்காமல், ஏற்றியவரிடமே அன்றைய வேலையாக இறங்கி வந்ததை நான் அதன் முக்கியக் காரணமாகக் காண்கிறேன்.

இரண்டாவது திறன், தன் எண்ணைத் தானே சந்தேகிப்பது. ரத்த அழுத்தப் பதிவுகளை உலகில் எங்கே எடுத்தாலும் கடைசி இலக்கம் பூஜ்யத்தில் குவியும்: 110, 120, 130. அவசரத்தில் கண் பூஜ்யத்தைத் தேடுகிறது. நிலையத்தின் ஒரு மாதப் பதிவுகளைச் செவிலியர் முன்னால் வைத்து, இதில் எத்தனை 120-க்கு 80 என்று அவரையே எண்ணச் சொல்லலாம். பத்து நிமிடப் பயிற்சி இது. குற்றம் சாட்டாமல் செய்தால், கருவி பழுதா, பட்டை தளர்ந்ததா, கூட்டத்தில் நேரமில்லையா என்ற பேச்சு தானாக வரும். தாய் இறப்பு ஒவ்வொன்றையும் 1990களிலிருந்து தணிக்கை செய்துவரும் மாநிலம் இது. 2019–21 மாதிரிப் பதிவுக் கணக்கில் இங்கே தாய் இறப்பு லட்சத்துக்கு 49 வரை இறங்கியது. அதே காலத்துத் தேசியக் குடும்ப நல ஆய்வில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. இந்த உயரத்துக்கு வந்த பிறகு மிச்சமிருக்கும் இறப்புகளைத் தடுப்பது சரியாக அளந்த ஒரு ரத்த அழுத்தத்தில், மறைக்காமல் எழுதிய ஓர் எண்ணில் இருக்கிறது.

மூன்றாவது, ரகசியம். இதைப் பற்றிப் பயிற்சிகளில் மிகக் குறைவாகப் பேசுகிறோம் என்பது எனக்கு உண்மையான கவலை. செவிலியரின் கையில் ஊரின் உள்விவரம் இருக்கிறது: எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு, கருக்கலைப்பு, திருமணமாகாத பெண்ணின் கர்ப்பம், கணவருக்குத் தெரியாத கருத்தடை. பதிவேடு பீரோவில் பூட்டியிருந்தது. இன்று பட்டியல் புகைப்படமாகி வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது, ஏனென்றால் மேலே இருப்பவர் உடனே அனுப்பச் சொன்னார். வேலை மிகுந்து கடவுச்சொல் கணவரிடமோ கல்லூரி போகும் மகளிடமோ போகிறது. என்ட்ரி வீட்டில் நடக்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் தகவலைக் காப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் தனிச் சட்டம் வந்தது. சட்டத்தின் சுமை முழுவதையும் ஏணியின் கடைசிப் படியில் நிற்பவர் மேல் ஏற்றுவது நியாயமாகாது. குழுவில் போடு என்று கேட்கும் அதிகாரிக்குத்தான் இந்தப் பாடம் முதலில் வேண்டும். என்ட்ரிக்கு அலுவல் நேரம் ஒதுக்காமல் கடவுச்சொல் ரகசியம் பேசுவதில் பொருளில்லை.

பயிற்சி எங்கே நடக்க வேண்டும் என்று கேட்டால், துணை சுகாதார நிலையத்திலேயே என்பேன். புதன்கிழமை ஊசி நாள், அதைத் தொட வேண்டாம். வேறொரு நாள் அரை நேரம் போதும். பகுதி சுகாதார செவிலியரும் பக்கத்து நிலையங்களின் மூன்று நான்கு செவிலியர்களும் ஒரே மேசையில் உட்காரட்டும். மாதிரிப் பெயர்களும் மாதிரி எண்களும் வேண்டாம். அவரவர் சொந்தப் பட்டியலைத் தளத்திலிருந்து இறக்கித் தாளில் எடுக்கட்டும். ஒவ்வொரு பெயராகப் படித்து, கணினி சொல்வதும் ஊரில் நடப்பதும் எங்கே வேறுபடுகின்றன என்று பென்சிலால் ஓரத்தில் எழுதட்டும். "இவ தாய்வீட்டுக்குப் போயிட்டா." "இந்தத் தேதி தப்பு, கொடை அந்த வருஷம் தள்ளிப்போச்சு." "மாமியார் மாத்திரை சாப்பிட விடமாட்டாங்க." "போன் நம்பர் அண்ணனோடது, கூப்பிட்டா எடுக்க மாட்டார்." இந்தக் குறிப்புகளில் பலவற்றுக்கு எந்தத் திரையிலும் கட்டம் கிடையாது. வேலை முடிந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு அந்தத் தாள்களின் நகலை, அடுத்த பதிப்பை எழுத உட்காரும் மென்பொருள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் முதல் திரையை வரையத் தொடங்குவதற்கு முன்பே அவை அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.